மலைமேல் கொளுத்திய கடல்தரை

கடலுக்கு அடியில் கிடந்த மண்ணைத் தேடி மலை ஏறிய ஆள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கோலாலம்பூரில் இறங்கி, ஆய்வகத்துக்குப் போய், ஒரு கேனை வாங்கி விமானச் சரக்கில் ஏற்றிவிட்டு, அதன் பின்னாலேயே சென்னை திரும்ப வேண்டும். அவ்வளவுதான் எனக்கு இட்ட வேலை. ஆய்வகத்து வரவேற்பறைப் பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்த முகமாகச் சொன்னாள்: "உங்க சாம்பிள் கேமரன் மலைக்குப் போயிருக்கு மேடம்."

போயிருக்கிறதாம். கோடை விடுமுறைக்குப் போன மாமாவைச் சொல்வதுபோலச் சொல்கிறாள்.

யார் கொண்டுபோனது என்று கேட்டேன். டாக்டர் ஜெயபாலன் என்றாள். ஊசி போடும் டாக்டர் இல்லை. எங்கள் கூட்டுத் திட்டத்தின் மலேசியப் பக்கத் தலைவர். போனில் பிடித்தேன். "மேடம், இங்க டீ எஸ்டேட் ஓட்டல்ல செமினார் நடக்குது. நீங்களும் ஏறி வந்துடுங்க லா. கிளைமேட் சூப்பர். சாம்பிளையும் வாங்கிக்கலாம், ஸ்ட்ராபெரியும் சாப்பிடலாம்" என்றார், அந்த ஊர்க்காரர்கள் பேச்சுக்குப் பேச்சு ஒட்டும் 'லா'வோடு. ஸ்ட்ராபெரி! வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டுப் பக்கத்துக் கடையில் நாசி லெமாக் பொட்டலம் ஒன்றைப் பிரித்து நின்றபடியே தின்றேன். தேங்காய்ப்பால் சோறு, காரமான சம்பல், வறுத்த நெத்திலி. நெத்திலி மட்டும் ஊர் ஞாபகத்தைக் கொடுத்து வயிற்றைக் கொஞ்சம் சமாதானப்படுத்தியது.

அந்தக் கேனில் அப்படி என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் கோபம் யாருக்கும் புரியாது. ஆழ்கடலின் அடியில், குளிரும் அழுத்தமும் சேர்ந்த இடத்தில், மீத்தேன் வாயுவும் தண்ணீரும் கலந்து ஐஸ் மாதிரி உறைந்து, சேற்றுக்குள் நரம்பு நரம்பாகக் கிடக்கிறது. பெயர் மீத்தேன் ஹைட்ரேட். தீக்குச்சி வைத்தால் எரியும். இதிலிருந்து வாயு எடுக்கும் வழி கேட்பதற்குச் சுலபமாக இருக்கும்: கடல்தரையில் கிணறு போட்டு, உள்ளே நிற்கும் தண்ணீரை மேலே இறைக்க வேண்டும். அழுத்தம் குறையும், ஐஸ் உடையும், வாயு தானாக ஏறி வரும். இதுவரை எல்லோரும் மேடையில் சொல்வார்கள். அந்த ஐஸ்தான் அந்தச் சேற்றைக் கெட்டியாகப் பிடித்துவைத்திருக்கிறது என்பதை மட்டும் மேடையில் சொல்ல மாட்டார்கள். ஐஸ் போன பிறகு தரை நிற்குமா, கூழாகி ஓடுமா? அதைக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. மண்ணை இயந்திரத்தில் வைத்து நாலாபுறமும் அழுத்தி, எப்போது உடைகிறது என்று பார்ப்பவள் நான்.

கிணறு வரப்போவது எங்கள் கிழக்குக் கரைக்கு எதிரே, கடலுக்குள் வெகுதூரத்தில், சரிவான ஓரிடத்தில். நான் கடலூர்க்காரி. கடல் ஒரு காலை நேரத்தில் தெருவுக்குள் வந்ததைக் கண்ணால் பார்த்தவள். அடியில் சரிவு நழுவினால் மேலே தண்ணீர் என்ன செய்யும் என்று எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். தரை தாங்கும் என்று நான் சான்று கொடுத்தால்தான் கிணறு. அதற்கு அந்த இடத்து மண் வேண்டும். கப்பலில் எடுத்த துண்டுகள் எல்லாம் ஆளுக்கொரு சோதனையில் தீர்ந்துவிட்டன. கப்பல் கிள்ளான் துறைமுகத்தில் கரை சேர்ந்ததால் கடைசித் துண்டு மலேசியாவில் தங்கிவிட்டது. என் முழங்கை நீளம்கூட இருக்காது, திரவ நைட்ரஜனில் உறைந்து கிடக்கும் ஒரு சாம்பல்நிற உருளை. அதைத்தான் அந்த மனுஷன் மலைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

மறுநாள் பஸ். ஊட்டி மலையில் கொண்டை ஊசி வளைவுகளுக்கு நம்பர் போட்டிருப்பார்கள். இன்னும் எத்தனை என்று எண்ணிக்கொண்டே வயிற்றைப் பிடித்துக்கொள்ளலாம். இங்கே அந்த வசதி என் கண்ணில் படவில்லை. வளைவு மேல் வளைவாக வந்துகொண்டே இருந்தது. பக்கத்து சீட்டுச் சீனப் பெண்மணி என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் ஒரு பிளாஸ்டிக் பையையும் உப்புப் போட்ட புளிப்புப் பழம் ஒன்றையும் கொடுத்தார். பழம் வேலை செய்தது. பை தேவைப்பட்டது அவருக்குத்தான். கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், மலேசியாவில் இறங்கியதிலிருந்து அதுவரை நான் கோபப்படாத ஒரே ஆள் அவர்தான்.

தானா ராத்தாவில் இறங்கியதும் குளிர் முகத்தில் அடித்தது. பஸ் நிலையத்துக்கு எதிரே தமிழ்ச் சாப்பாட்டுக் கடை. தோசைக்கு இரண்டு சட்னியோடு மீன் குழம்பையும் கேட்காமலே ஊற்றினார்கள். நன்றாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் டீ! சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் தேயிலை, கையில் வந்ததோ டின்பால் பாயசம். சர்க்கரையும் பாலும் வேண்டாம் என்றதும் கடைக்காரர், "தே ஓ கொசோங்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்று என்னையே ஏசிவிட்டுப் போனார். நானும் ஏசியிருப்பேன், மூச்சு மிச்சமில்லை.

டாக்டர் சொன்ன ஓட்டல் எஸ்டேட் பாதையில் உள்ளே தள்ளி இருந்தது. டாக்ஸிக்காரர்கள் ஒருத்தருமே வரவில்லை. முந்தின நாள் மழையில் பாதையில் மண் சரிந்திருக்கிறதாம், வண்டி கெட்டுவிடுமாம். கடைசியாகக் கேட்ட ஒருவரும் ஊதிக்கொண்டிருந்த சிகரெட்டை எடுக்காமலே முடியாது என்று தலையை ஆட்டினார். கடையில் பக்கத்து மேசையில் ரொட்டியைக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரிய மீசைக்காரர் திரும்பினார்.

"எங்கம்மா போவணும்?"

சொன்னேன்.

"அந்த ஓட்டலா? நான் கோலா தெர்லா போயி கோபிஸ் ஏத்திட்டு அந்தப் பக்கமாத்தான் திரும்புவேன். லோரில ஏறுவீங்களா? நாத்தம் அடிக்கும், அது வேற விஷயம்."

அவர் பெயர் முனியாண்டி. காய்கறி வியாபாரி. கோபிஸ் என்பது முட்டைக்கோஸ். லாரியில் முன்சீட்டில் அவரும் நானும், இடையில் ஒரு மூட்டை உரமும். நாத்தம் என்று அவர் சொன்னது அந்த மூட்டையைத்தான், கோழி எரு. கண்ணாடியை இறக்கினால் குளிர், ஏற்றினால் எரு. இறக்கிவிட்டுச் சேலைத் தலைப்பால் காதைக் கட்டிக்கொண்டேன்.

தேயிலைச் சரிவுகள் அழகுதான். சீப்பு வைத்து வாரியது மாதிரி இருக்கும் அந்தப் பச்சையைப் படத்தில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். படத்தில் காட்டாத இன்னொன்று அதற்கு அடுத்த வளைவிலேயே இருக்கிறது. மலையை வெட்டிப் படி படியாக்கி, ஒவ்வொரு படியிலும் பிளாஸ்டிக் கூடாரம். தக்காளியும் கீரையும் பூவும் அதற்குள்ளே. ஒரு மலை முழுக்கப் பிளாஸ்டிக் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கோலா தெர்லாவில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. அங்கே கோஸ் ஏற்றி முடிப்பதற்குள் எனக்கு அவித்த சோளம் இரண்டு வாங்கிக் கொடுத்தார் முனியாண்டி. அவரும் மூன்று தின்றார்.

"நீங்க என்ன வேலையா வந்தீங்க தங்கச்சி?"

சொன்னேன். கடலுக்கு அடியில் ஐஸ், ஐஸுக்குள் காஸ் என்று. அவருக்கு அது பிடித்துப்போய்விட்டது.

"அப்ப காஸ் தோம்பு வெல கொறையுமா?"

தோம்பு என்றால் சிலிண்டர். "அது எனக்குத் தெரியாதுண்ணே."

"வெல கொறையாதுன்னா எதுக்கு லா எடுக்கிறாங்க?" கொஞ்ச நேரம் யோசித்தார். "ஏன், ஐஸ்தானே? அப்படியே வெட்டிக் கொண்டாந்து ஃப்ரீசர்ல போட்டு வித்துட்டா முடிஞ்சிச்சு. கெணறு எதுக்கு?"

"மேல வந்தா கரைஞ்சிடும்ணே. கீழ இருக்கிற அழுத்தம் மேல இல்ல."

"அப்ப சுசா தான்" என்று முடித்துவிட்டார். சுசா என்றால் சிரமம். எங்கள் திட்டத்தைப் பற்றி இத்தனை வருஷத்தில் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. ஆனால் அதே வாயால், சிரமமென்றாலும் எடுக்கத்தான் வேண்டும், காஸ் விலை தாங்க முடியவில்லை என்றும் சொன்னார்.

திரும்பும் வழியில் அந்த மண்சரிவு. பாதையின் பாதியில் செம்மண் கூழாக வழிந்து கிடந்தது, ஒரு மண்வாரி இயந்திரம் முக்கிக்கொண்டிருந்தது. முன்னும் பின்னும் வண்டிகள். முனியாண்டி எஞ்சினை அணைத்துவிட்டுச் சாய்ந்துகொண்டார். அவருக்கு இது தினப்படி. அவர் வீடு லெம்பா பெர்த்தாமில், அணைக்குக் கீழே. 2013இல் அணையைத் திறந்துவிட்டுச் சேறு வந்தபோது வீட்டுக்குள் இடுப்பளவு நின்றதாம்.

"நான் சாமி படத்தத் தூக்கிட்டு ஓடுனேன், என் பொஞ்சாதி தையல் மிஷினைத் தூக்கிட்டு ஓடுனா. சாமி படம் எல்லாக் கடையிலயும் கெடைக்குது, மிஷினுதான் சோறு போட்டுச்சுன்னு இன்னிக்கும் ஏசுறா" என்று சொல்லி அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு, கடல் வந்த அன்றைக்குக் காலை எங்கள் தெருவில் யார் யார் எதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். சிலர் வீட்டைவிட்டு வெளியே வரவே இல்லை.

ஓட்டல் என்பது வெள்ளைக்கார துரை இருந்த பழைய பங்களா. கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைச் சுவரும், முன்னால் புல்வெளி, அதற்குக் கீழே கண்ணுக்கெட்டிய வரை தேயிலை. கோஸ் லாரியில் வந்து இறங்கியவளைக் காவல்காரர் கொல்லைப்புறம் காட்டினார். கருத்தரங்குக்கு வந்த விருந்தாளி என்று நம்ப வைப்பதற்குள் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. அந்தச் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். அறைகளைக் கவனிக்கும் சூப்பர்வைசர், பெயர் லெட்சுமி.

"அக்கா, இந்தியாவுலேர்ந்து வர்றாங்கன்னு சொன்ன மேடம் நீங்கதானா? அந்தப் புகை கேனு உங்களோடதா? வாங்க வாங்க, மொதல்ல அத வந்து பாருங்க. நேத்துலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல."

படுக்கை விரிப்புகள் அடுக்கும் அறையில் வைத்திருந்தாள். ஜன்னல் இரண்டும் திறந்திருந்தது. கேனின் மூடி தளர்வாக இருந்தது, ஓரத்தில் வெள்ளைப்புகை கசிந்தது. நைட்ரஜன் இருக்கிறது. போன உயிர் வந்தது எனக்கு. பக்கத்திலேயே இன்னொரு கேன், புகையில்லாமல் செத்துக் கிடந்தது.

"இது என்ன?"

"அது வேடிக்கை காட்டுற ஐஸாம்" என்றாள் லெட்சுமி. பிறகு விவரம் வந்தது.

எங்கள் துறையில் ஒரு சடங்கு உண்டு. எந்த நாட்டில் எந்தக் கருத்தரங்கம் நடந்தாலும் கடைசியில் விளக்கை அணைத்து, ஒரு துண்டு ஹைட்ரேட்டைத் தட்டில் வைத்துக் கொளுத்திக் காட்டுவார்கள். ஐஸ் எரிவதைப் பார்த்தால்தான் பணம் போடுகிறவனுக்கு நம்பிக்கை வருகிறது. கோயிலில் கற்பூரம் காட்டாமல் பூசை முடியாது என்பது மாதிரி இதுவும் ஒரு வழக்கமாகிவிட்டது. அதற்கென்று ஆய்வகத்திலேயே வெள்ளை வெளேரென்று ஐஸ் தயாரிப்பார்கள். டாக்டரும் அப்படித் தயாரித்து ஒரு கேனில் கொண்டுவந்திருக்கிறார்; பணம் போடுகிறவர்களுக்குக் காட்டத்தான் என் கேனையும் கூடவே தூக்கி வந்தாராம். நைட்ரஜனைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாமா என்று யாரோ கேட்டதற்கு, "மலையே ஃப்ரிட்ஜ் மாதிரி இருக்கும் லா" என்றாராம். அந்தக் கேன் காய்ந்துபோனதும், பூ ஏற்றுமதி செய்யும் ஒரு முதலாளியின் குளிர் அறையில், சாமந்திக் கட்டுகளுக்கு நடுவில் ஐஸை வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். சாமந்திக்குப் போதும் அந்தக் குளிர். ஹைட்ரேட்டுக்கு அது வெயில். காலையில் திறந்தால் பாத்திரத்தில் வெறும் தண்ணீர்.

"ஆழ்கடல் ஐஸ் படிச்ச மனுஷங்களா இவங்க?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

லெட்சுமி குரலைத் தாழ்த்தினாள். "நாளைக்கு டத்தோ வர்றாரு அக்கா. பணம் போடுறவரு. அதான் இந்தக் கேன்ல உள்ளதையே கொளுத்திடலாம்னு டாக்டரு பேசிக்கிட்டிருந்தாரு." டத்தோ என்பது அந்த ஊரில் பெரிய மனிதர்களுக்கு அரசர் கொடுக்கும் பட்டம்.

நான் அப்படியே விரிப்புக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்தேன். எழுந்த வேகத்தில் லெட்சுமி பயந்து ஒதுங்கினாள்.

டாக்டர் ஜெயபாலன் சாப்பாட்டுக் கூடத்தில் ஸ்டீம்போட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நடுவில் கொதிக்கும் சூப்பில் கீரையும் இறாலும் போட்டுப் போட்டு எடுத்துத் தின்பது அந்த மலையின் விசேஷம். எனக்கும் ஒரு கிண்ணம் நகர்த்தினார். நல்ல உயரம், நல்ல ஸ்வெட்டர், எப்போதும் சிரிப்பு.

"சாப்பிட வரலீங்க டாக்டர். கேனை எடுத்துட்டுப் போக வந்தேன்."

"எடுத்துக்கலாம் மேடம். நாளைக்கு டெமோ முடிஞ்சதும்."

"டெமோல எரிச்சிட்டு எதை எடுத்துட்டுப் போறது? சாம்பலையா?"

"முழுசும் இல்ல லா. பாதிதான். பாதி உங்களுக்கு" என்றார், முறுக்கை உடைத்துப் பங்கு தருகிறவர் மாதிரி.

அந்த உருளையைச் சோதனைக்கு வைக்க வேண்டுமானால் உயரம் குறுக்களவைப்போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும். இருந்ததே சரியாக அந்த அளவுதான். பாதியாக்கினால் அது வெறும் குட்டை வில்லை. அதை அழுத்திக் கிடைக்கும் எண்ணை நம்பிக் கோழிக்கூண்டுகூடக் கட்ட முடியாது. இது அவருக்குத் தெரியாதா? தெரியும். மண்ணியலில் முதல் வருஷப் பாடம். அதையும் சொன்னேன்.

"வேற எடத்து மண்ணோட நம்பர் நம்மகிட்ட இருக்குல்ல? அதைப் போட்டு எஸ்டிமேட் பண்ணிடுங்க. எல்லாரும் செய்றதுதானே."

"வேற இடத்துல கிணறு போடுங்க, வேற இடத்து நம்பர் தர்றேன்."

அவருடைய சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. "மேடம், ரிலாக்ஸ். டத்தோ பணம் போடலைன்னா ப்ராஜெக்டே இல்ல. ப்ராஜெக்ட் இல்லைன்னா உங்க டெஸ்டு யாருக்கு? அவருக்கு நெருப்பக் காட்டணும். நெருப்பு இல்லாம நான் என்ன காட்டுறது, கிராஃபா?"

"ஆமா, கிராஃபைக் காட்டுங்க. படிச்சுப் புரிஞ்சவரு பணம் போடட்டும்."

"ஒங்களுக்கு மனுஷங்களப் பத்தித் தெரியல லா" என்று இறாலை வாயில் போட்டுக்கொண்டார். உண்மையைச் சொன்னால் அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. பத்து வருஷத்துக்கு மேல் இந்த வாயுவுக்காகவே அலைந்தவர். அலைந்த களைப்பில் தரையை மறந்துவிட்டார்.

சென்னைக்குப் போன் போட்டு எங்கள் மேலதிகாரியிடம் சொன்னேன். மூச்சுவிடாமல் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு நீண்ட "ம்". பிறகு, "ரெண்டு நாட்டு விவகாரம், கொஞ்சம் அனுசரிச்சுப் போங்கம்மா" என்றார். அனுசரிக்க வேண்டுமாம். மண் அனுசரிக்குமா என்று கேட்டேன். சிக்னல் போய்விட்டதாக நினைத்துக்கொண்டார்போல, வைத்துவிட்டார்.

மறுநாள் காலை, விரிப்பு அறைக்குப் போய் லெட்சுமியிடம் சாவி கேட்டேன். முனியாண்டியின் நம்பர் என்னிடம் இருந்தது. கேனை லாரியில் ஏற்றி மலை இறங்கிவிடலாம் என்று கணக்கு. லெட்சுமி சாவிக்கொத்தை இடுப்பில் கையால் மூடிக்கொண்டாள்.

"அக்கா, என் வேலை போயிடும். நாங்க இருக்கிற லைன் வீடு என் வேலைக்குத்தான் குடுத்திருக்காங்க. ரெண்டு பொட்டப்புள்ளைங்க படிக்குதுங்க."

"உன் வேலையைவிட அங்க ஒரு கரை முழுக்க ஜனம் இருக்கு லெட்சுமி" என்று கத்தினேன்.

"அந்த ஜனத்துக்கு நான் என்னக்கா செய்வேன்? அந்த டாக்டருகிட்ட போயி கத்துங்க."

சரியான பதில். அவளிடம் கோபப்பட எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனாலும் போகும்போது கதவை அடித்துச் சாத்திவிட்டுத்தான் போனேன்.

காலை முழுக்க உரைகள். கடல்தரையில் எவ்வளவு வாயு இருக்கிறது, எத்தனை நகரத்துக்கு அடுப்பெரிக்கலாம், நிலக்கரியைவிட எவ்வளவு சுத்தம். தரையைப் பற்றி ஒரு படம் வந்தது. அதில் கடல்தரையை நல்ல பழுப்பு நிறத்தில் நேர்க்கோடாகப் போட்டிருந்தார்கள், கான்கிரீட் தளம் மாதிரி. என் முறை எப்போது என்று கேட்டேன். நேரமில்லை, என் பேச்சைத் தேநீருக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். தேநீருக்குப் பிறகு எல்லோரும் ஸ்ட்ராபெரித் தோட்டம் பார்க்கப் போகிறார்கள் என்று அழைப்பிலேயே அச்சிட்டிருந்தது.

தேநீர் வேளையில் டத்தோ வந்தார். குள்ளமான, அமைதியான மனிதர், கூடவே மனைவி. துரை காலத்து வழக்கப்படி ஸ்கோன் ரொட்டி, க்ரீம், ஸ்ட்ராபெரி ஜாம், வெள்ளிக் கெண்டியில் டீ. நடு மேசையில் வெள்ளை விரிப்பு, அதன்மேல் பெரிய பீங்கான் தட்டு. ஓட்டல் ஆட்கள் பெரிய ஜன்னல்களின் கனத்த திரைகளை இழுத்து மூடினார்கள். கூடம் இருட்டியது.

டாக்டர் கையுறை போட்டுக்கொண்டு கேனைத் திறந்தார். புகை மேசையில் வழிந்து இறங்க, முன்வரிசை "ஆ" என்றது. இடுக்கியால் உருளையை எடுத்தார். அதை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சாம்பல் நிறக் களிமண், குறுக்கும் நெடுக்கும் வெள்ளை நரம்பு. கல் மாதிரி இருந்தது. ஒரு சிறு சுத்தியலால் நடுவில் தட்டினார்.

டொக்.

முடிந்தது. கப்பல், கிள்ளான், சென்னை, என் இயந்திரம், எல்லாம் அந்த ஒரு சத்தத்தில் முடிந்துபோனது. ஒரு பாதியைக் கேனுக்குள் போட்டுவிட்டு, இருட்டில் என்னைத் தேடிப் பார்த்துத் தலையசைத்தார், உங்கள் பங்கு பத்திரம் என்று. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழுகை இல்லை அது, ஆத்திரம்.

மற்ற பாதி தட்டில் கொஞ்ச நேரம் கிடந்து, பனி பூத்து, சின்னச் சின்னதாக வெடித்தது. நீளமான தீக்குச்சியை நீட்டினார். பற்றிக்கொண்டது. அடியில் நீலம், மேலே ஆரஞ்சு, கல்லுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு சுடர். கை தட்டினார்கள். போன்கள் எல்லாம் மேலே எழுந்தன. கதவருகே நின்ற லெட்சுமி அனிச்சையாகக் கையைக் கூப்பிவிட்டு, சட்டென்று இறக்கிக்கொண்டாள். "கடல் நமக்குத் தரும் நெருப்பு" என்று டாக்டர் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார்.

எல்லோரும் நெருப்பைப் பார்த்தார்கள். நான் தட்டைப் பார்த்தேன், பழக்கதோஷம். அந்த மங்கலிலும் தெரிந்தது. உருளையின் விளிம்பு வளைந்தது. ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு அடி அப்படியே இளகி, சுடரைத் தலையில் சுமந்துகொண்டே நகர ஆரம்பித்தது. இதைப் பார்க்கத்தான் நான் கடல் தாண்டி வந்தேன். இதைத்தான் நாள் கணக்கில், பொறுமையாக, இயந்திரத்தில் வைத்து அளந்து சொல்லியிருப்பேன். இவர்கள் இதைச் சபை நடுவில் வைத்து நடத்திக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள், ஒருவர் கண்ணிலும் படவில்லை. இருட்டில் நெருப்புதான் தெரியும்.

எழுந்து ஜன்னலுக்குப் போனேன். திரையின் கயிறு எங்கே என்று தெரியவில்லை. துணியையே இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன்.

மலை வெயில் கூடத்துக்குள் கொட்டியது. அவ்வளவுதான், நெருப்பைக் காணோம். எரிந்துகொண்டுதான் இருந்தது, வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரிந்தது தட்டுதான். கல் மாதிரி இருந்த உருளை உட்கார்ந்துபோய்ச் சாம்பல்நிறக் கூழாகி, தட்டின் விளிம்பைத் தாண்டி, வெள்ளை விரிப்பில் வழிந்து, ஸ்கோன் ரொட்டிகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. டத்தோவின் மனைவி மடியிலிருந்த கைப்பையைத் தூக்கிக்கொண்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"மேடம், திரைய மூடுங்க!" என்றார் டாக்டர்.

டத்தோ அவரைக் கையமர்த்தினார். மேசையைப் பார்த்தபடி மலாயில் ஏதோ கேட்டார். பக்கத்திலிருந்தவர் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். "என்ன அது, ஒழுகுகிறதே?"

"நீங்கள் கிணறு போடப்போகும் தரை" என்றேன். "வாயு போன பிறகு அது இப்படித்தான் இருக்கும்."

போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின. ஒருவர் மட்டும் இன்னும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"இந்தத் தரை தாங்கும் என்று சான்று தர வேண்டியது யார்?" என்று டத்தோ என்னிடமே ஆங்கிலத்தில் கேட்டார்.

"நான்தான். இருந்த ஒரே துண்டையும் உங்களுக்காக எரித்துவிட்டார்கள். இனி கப்பல் மறுபடி போய்ப் புதிதாக மண் எடுத்து வரட்டும், நான் சோதித்துச் சொல்கிறேன். அதுவரை தர மாட்டேன்."

"மேடம்! திரை!" டாக்டரின் குரல் உடைந்திருந்தது. அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. இரண்டு ஓட்டல் பையன்கள் திரையை மூட ஓடி வந்தார்கள். அவர்கள் வருவதற்குள் நான் அடுத்த ஜன்னலுக்குப் போய், அந்தத் திரையையும் இழுத்துத் திறந்தேன்.